கோட்-சூட்: வாடகையா, ரெடிமேடா, அளவெடுத்துத் தைப்பதா?

கோலாலம்பூரில் கருநீல கோட்-சூட் சில நூறு வெள்ளிக்கும் (ரிங்கிட்) கிடைக்கிறது, பல ஆயிரம் வெள்ளிக்கும் தைத்துத் தருகிறார்கள். ஹேங்கரில் தொங்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கல்யாண வரவேற்போ, வழக்கறிஞர் பதவியேற்போ, வேலை நேர்காணலோ நெருங்கும்போது ‘இவ்வளவு காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அந்தக் கோட்டை எத்தனை முறை போடப் போகிறீர்கள், உங்கள் தோள் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் வைத்து முடிவெடுங்கள். துணியின் பெயரும் கடையின் பெயரும் அதற்குப் பிறகுதான்.

காசு எங்கே போகிறது

முதலில் துணி. நடுத்தர உடம்புக்குக் கோட்டும் பேன்ட்டும் தைக்க, 150 செ.மீ. அகலத்தில் சுமார் 3.2 மீட்டர் வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமோ, வயிறு பெருத்த உடம்போ இருந்தால் 3.5 மீட்டரைத் தாண்டும். கட்டம் போட்ட துணியென்றால் பாக்கெட் மூடியிலும் முதுகுத் தையலிலும் கோடுகள் சேர்ந்து வர வேண்டும். அதற்காக இன்னும் 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகப் பிடிக்கும்.

துணியைவிடப் பெரிய செலவு நேரம். லண்டன் சேவில் ரோ தையல்காரர்களின் சங்கம் ஒருவருக்கென்றே தனியாக வெட்டித் தைக்கும் பிஸ்போக் சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று வரையறுத்திருக்கிறது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72 ரிங்கிட். அந்த அடிமட்டக் கூலியிலேயே 50 மணி நேரம் 436 ரிங்கிட் ஆகிவிடுகிறது. கோட் தைக்கத் தெரிந்த கைகாரர் யாரும் அடிமட்டக் கூலிக்கு உட்கார மாட்டார். துணி, கான்வாஸ், லைனிங், பொத்தான், கட்டிங் மாஸ்டரின் சம்பளம், கடை வாடகை எல்லாம் இதற்கு மேல். 500 வெள்ளிக்கு முழுக்கக் கையால் தைத்த சூட் என்று யாராவது சொன்னால், கணக்கு இடிக்கிறது.

இத்தனை மணி நேரம் எதற்கு என்று தெரிய கோட்டின் உள்ளே பார்க்க வேண்டும். முன்பக்கம் மூன்று அடுக்கு: வெளியே துணி, உள்ளே லைனிங், நடுவில் வடிவம் கொடுக்கும் உள்துணி. மலிவான கோட்டில் இந்த நடு அடுக்கு பசை வைத்த ஃபியூசிங். 130 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் ப்ரெஸ்ஸில் அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் வெளித்துணியோடு ஒட்டிக்கொள்ளும், அதோடு அந்த வேலை முடிந்தது. நல்ல கோட்டில் அங்கே இருப்பது கான்வாஸ். பருத்தி, வுல், ஆட்டு ரோமம் கலந்து நெய்தது. மார்புக்கு மட்டும் குதிரை ரோமம் கலந்த இன்னொரு துண்டு அதன்மேல் வரும். தைப்பதற்கு முன்பே கான்வாஸை நனைத்துச் சுருங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், முதல் ஆவி இஸ்திரியிலேயே கான்வாஸ் சுருங்கும், வெளித்துணி அதன்மேல் அலையலையாக நிற்கும்.

லேப்பல் எனப்படும் மார்பு மடிப்பைத் தைப்பதைப் பார்த்தாலே விலையில் பாதி புரிந்துவிடும். தையல்காரர் துணியையும் கான்வாஸையும் சேர்த்து விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொள்வார். வளைத்த நிலையிலேயே, வெளித்துணியின் ஓரிரு இழையை மட்டும் ஊசி தொட்டு வரும்படி, சாய்வுசாய்வாகச் சின்னத் தையல்களைப் போட்டுக்கொண்டே போவார். ஒரு பக்கத்துக்குப் பல நூறு தையல். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் வெளியே புள்ளிபுள்ளியாகக் குழி தெரியும். நூலை இறுக்கி இழுத்தாலும் அதே கதி. சரியாகச் செய்தால், கையை எடுத்த பிறகும் துணி அந்த வளைவிலேயே நிற்கும். நல்ல கோட்டின் லேப்பல் மேல் பொத்தானுக்கு மேலே உருண்டு திரும்புவது இதனால்தான். ஒட்டிய கோட்டில் அது காகிதத்தை மடித்து வைத்ததுபோலத் தட்டையாகக் கிடக்கும்.

அடுத்தது கை பொருத்துவது. கையின் மேல்வட்டத்தை, அது பொருந்தும் துளையான ஆர்ம்ஹோலைவிட 4 முதல் 5 செ.மீ. பெரிதாக வெட்டுவார்கள். அந்த உபரியை நீராவியும் விரலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி உள்ளே அடக்க வேண்டும். அப்போதுதான் தோள்முனை உருண்டு வரும், கையைத் தூக்கவும் இடம் இருக்கும். வுல் இப்படிச் சுருங்கிக் கொடுக்கும், பாலியஸ்டர் கொடுக்காது. மலிவு கோட்டின் தோள்முனையில் விழும் சுருக்கத்துக்குத் தைத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அந்தத் துணியில் யார் தைத்தாலும் சிரமம்தான்.

காஜாவையும் சொல்ல வேண்டும். கையால் ஒரு காஜா எடுக்கக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. முன்னால் இரண்டு, லேப்பலில் ஒன்று, கைகளில் எட்டு என்று ஒரு கோட்டுக்கு 11 காஜா, ஏறக்குறைய மூன்று மணி நேர வேலை. இயந்திரத்தில் ஒரு நிமிடம்கூட ஆகாது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காஜாவால் கோட் உடம்பில் நன்றாக உட்காரப் போவதில்லை. பட்ஜெட் இடித்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

ஒட்டு கோட் நம் ஊரில்

ஃபியூசிங் என்றாலே மட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. நல்ல தொழிற்சாலையில் துணிக்கு ஏற்ற ஃபியூசிங்கை, சரியான சூட்டில் ஒட்டிய கோட் பல வருஷம் உழைக்கும். சூடோ அழுத்தமோ குறைந்து அரைகுறையாக ஒட்டியதுதான் தொல்லை தரும். வியர்வை, ஈரப்பதம், டிரை கிளீனிங் ரசாயனம், டோபிக்காரர் அழுத்திப் போடும் ஆவி இஸ்திரி எல்லாம் சேர்ந்து பசையைத் தளர்த்தும். மார்பிலோ லேப்பலிலோ குமிழ் குமிழாகத் துணி எழும்பும். எழும்பிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. திரும்ப இஸ்திரி போட்டால் அந்த நேரத்துக்கு அடங்கும், அடுத்த சலவையில் மறுபடி எழும்பும்.

கடையிலேயே சோதிக்கலாம். கடைசிப் பொத்தானுக்குக் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத்தை இன்னொரு கையாலும் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் முழு கான்வாஸ். கீழே இரண்டே அடுக்காகவும், மார்பிலும் லேப்பலிலும் மட்டும் மூன்றாவது அடுக்கு தட்டுப்பட்டால் அரை கான்வாஸ். எங்குமே இல்லாமல் வெளித்துணி மட்டும் தடித்து விறைப்பாக இருந்தால் ஃபியூசிங்.

நான்கு வழிகளும் ஒரு ஐந்தாவதும்

வாடகை, ஒரே ஒரு முறை போடும் உடைக்கும் வளரும் பிள்ளைக்கும் சரி. கறுப்பு டை கட்டும் டக்ஸீடோவை வருஷத்துக்கு ஒரு விருந்துக்குக்கூடப் போடாதவர் வாங்கி அலமாரியில் அடைப்பதில் அர்த்தமில்லை. அடிக்கடி சலவை தாங்க வேண்டும் என்பதால் வாடகைக் கோட் பெரும்பாலும் பாலியஸ்டர், ஃபியூசிங். கையையும் பேன்ட்டையும் மடித்துத் தற்காலிகமாகத் தைத்துத் தருவார்கள், தோளைத் தொட மாட்டார்கள். ஒரு தடவை வாடகை 250 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மூன்று கல்யாணத்துக்கு 750 வெள்ளி. அந்தக் காசுக்கு ரெடிமேட் ஒன்றை வாங்கி ஆல்ட்டர் செய்தே போடலாம். மூன்றாவது முறை வாடகைக் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரெடிமேடில் கவனம் முழுக்கத் தோளில் இருக்கட்டும். தோள்தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கைக்கு மேல் குழி விழும், உள்ளே நின்றால் கைத்துணி பிதுங்கும். தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி, தோளுக்குள் இருக்கும் திண்டை மாற்றி, ஆர்ம்ஹோலைத் திரும்ப வெட்ட வேண்டும். கூலி கோட்டின் விலையில் பாதியைத் தொட்டாலும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. இடுப்பை 4 செ.மீ. வரை பிடிக்கலாம். கை நீளத்தை 2 முதல் 3 செ.மீ. குறைக்கலாம். ஆனால் கைப் பொத்தான்களுக்கு உண்மையான காஜா வெட்டியிருந்தால் அதுவும் முடியாது. கோட்டின் நீளத்தைக் குறைத்தால் பாக்கெட்டுக்கும் அடி விளிம்புக்கும் இடையே உள்ள அளவு கெட்டுப்போகும்.

இன்னொரு சிக்கல், கோட்டும் பேன்ட்டும் ஜோடியாக வருவது. வழக்கமான ஜோடியில் மார்புக்கும் இடுப்புக்கும் ஆறு அங்குல வித்தியாசம் வைக்கிறார்கள். 40 சைஸ் கோட்டோடு 34 பேன்ட் வரும். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இந்த வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட இருக்காது. கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனி சைஸில் விற்கும் கடையாகப் பாருங்கள்.

மேட்-டு-மெஷர் என்றால், ஏற்கெனவே இருக்கும் பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் மாதிரி வரைவை, உங்கள் அளவுக்குத் திருத்தி, தொழிற்சாலையில் வெட்டித் தைப்பது. இங்கே எல்லாமே அளவு எடுப்பவர் கையில். நெஞ்சு, இடுப்பு, கை நீளத்தை மட்டும் டேப் வைத்து எழுதிக்கொண்டு அனுப்பினால், வருவது கொஞ்சம் நன்றாகப் பொருந்தும் ரெடிமேட்தான். ஒரு தோள் இறங்கியிருப்பது, முதுகு கூன் போட்டிருப்பது, நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, கை முன்பக்கம் தொங்குவது ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பவர்தான் விவரம் தெரிந்தவர். குறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது கழுத்துக்குப் பின்னால் தெரியும். கூன் முதுகுக்கு நேர் முதுகு பேட்டர்ன் வெட்டினால், கோட் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கும். நிமிர்ந்து நிற்பவருக்கு அதே பேட்டர்ன் என்றால் காலருக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழும். கை தொங்கும் கோணம் தப்பினால், சும்மா நிற்கும்போதே கையில் சாய்வுச் சுருக்கம் ஓடும்.

பிஸ்போக்கில் உங்களுக்கென்றே காகிதத்தில் பேட்டர்ன் போட்டு வெட்டுவார்கள். கச்சாத் தையலில் ஒரு டிரையல், திருத்திய பிறகு இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. முதல் டிரையலுக்குப் பிறகு கோட்டை முழுதாகப் பிரித்து, மேசையில் விரித்து, திரும்பக் கோடு போட்டு வெட்டுவார்கள். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஆர்ம்ஹோலை அக்குளை ஒட்டி உயரமாக வெட்டவும் இதில் முடிகிறது. ரெடிமேடில் பல உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று ஆர்ம்ஹோலைத் தாழ்த்திப் பெரிதாக வெட்டுவார்கள். கையைத் தூக்கினால் மொத்தக் கோட்டும் கூடவே எழும்புவது அதனால்தான். உள்தையலில் 2 முதல் 3 செ.மீ. துணியை வெட்டாமல் மடித்து விடுவதும் இங்கே உண்டு. ஐந்து வருஷம் கழித்து உடம்பு போட்டால் பிரித்துவிட அந்தத் துணி கைகொடுக்கும். தொழிற்சாலைக் கோட்டில் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும்.

‘24 மணி நேரத்தில் பிஸ்போக்’ என்ற பலகையை நம்ப வேண்டாம். 50 மணி நேர வேலை ஒரு நாளில் முடியாது. கான்வாஸ், டிரையல், நனைத்துச் சுருக்குவது ஆகிய மூன்றையும் விட்டால்தான் அந்த நேரத்துக்குள் அடங்கும். ஃபியூசிங் கோட்டை உங்கள் அளவில் தைத்துத் தருகிறார்கள். ஃபியூசிங் கோட் என்ற பெயரில், அதற்குரிய விலையில் விற்றால் குற்றமில்லை.

ஐந்தாவது வழி, மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பாத்தேக் துணி. நம் நாட்டு அழைப்பிதழ்களில் ‘லவுஞ்ச் சூட் அல்லது பாத்தேக்’ என்று போடுவது வழக்கம், நீளக்கை பாத்தேக் சட்டை கோட்டுக்குச் சமமான சபை உடை. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் போட வேண்டும் என்பது விதி. வெயிலுக்கும் ஏற்றது. விலை ஏறுவதற்கு இங்கும் கைநேரம்தான் காரணம். சாந்திங் பேனாவில் உருகிய மெழுகால் கோடு இழுத்து, தூரிகையால் சாயம் பூசி, சோடியம் சிலிக்கேட் தடவிச் சாயத்தை நிறுத்தி, கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுக்க வேண்டும். இயந்திர அச்சில் வந்ததா என்று பார்க்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் செய்ததில் இரு பக்கமும் நிறம் ஒரே ஆழம், அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். முன்பட்டியில் இடதும் வலதும் பூ சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். அழைப்பிதழ் அனுமதித்தால், மட்டமான கோட்டுக்குக் கொடுக்கும் காசை நல்ல பாத்தேக்கில் போடுவதே மேல்.

துணி

கோலாலம்பூருக்கு ஒரு மீட்டர் 240 முதல் 280 கிராம் எடையுள்ள, நூலை நன்றாக முறுக்கித் தளர்த்தியாக நெய்த வுல் போதும். வுல்லா, இந்த வெயிலிலா என்று கேட்பவர்கள் உண்டு. வுல் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரத்தை இயல்பாகவே உள்வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். வியர்வை போக இடமில்லாமல் முதுகில் ஒட்டுவது இதனால்தான். பாலியஸ்டரும் ரேயானும் கலந்த டி.ஆர். துணி நடுவாந்தரம். விலை குறைவு, கசங்காது, முழு பாலியஸ்டரைவிட மேல்.

‘சூப்பர் 150’ என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் இழையின் மென்மையைச் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25. இழை மெலிய மெலிய துணி வழவழப்பாகும், விலை ஏறும், உழைப்பு குறையும். காரில் ஏறி இறங்கி, நாள் முழுக்க உட்கார்ந்து எழும் நம் வாழ்க்கைக்கு சூப்பர் 100 முதல் 120 வரை நிறைவு. அதற்கு மேல் போனால் கசங்கலுக்கும் பேன்ட் தேய்மானத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலோ மஸ்ஜிட் இந்தியாவிலோ துணியைத் தனியாக வாங்கி, தையல்காரரிடம் கூலிக்குக் கொடுப்பதும் நல்ல வழி. துணிக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். எவ்வளவு வாங்குவது என்று தைப்பவரிடம் கேட்டுக்கொண்டே வாங்குங்கள். மூன்று மீட்டர் வெட்டி வந்தபின் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் அந்தத் துணியே வீண். துணியின் கரையில் நெய்திருக்கும் ‘இத்தாலி’ எழுத்தும் சான்றாகாது, பாலியஸ்டரிலும் அதை நெய்யலாம். வெட்டு விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். வுல் முடி கருகும் வாடையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

லைனிங்கில் க்யூப்ரோ கேளுங்கள். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்வது, பாலியஸ்டர் லைனிங்கைவிட வியர்வையை இழுக்கும். முதுகில் பாதி லைனிங் போட்டால் காற்றோட்டம் கூடும். பாதி லைனிங்தானே, விலை குறையுமா என்று கேட்காதீர்கள். வெளியே தெரியும் ஒவ்வோர் உள்தையலுக்கும் பட்டி கட்ட வேண்டியிருப்பதால் வேலை கூடுகிறது.

யாருக்கு எது

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போடுபவர், தோள் சீராக உள்ளவர்: வுல் கலந்த ரெடிமேடை வாங்கி, நல்ல ஆல்ட்டர் கடையில் இடுப்பையும் கையையும் திருத்திக்கொள்ளுங்கள். ஃபியூசிங் பரவாயில்லை.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போட வேண்டிய வழக்கறிஞர், வங்கி ஊழியர்: அரை கான்வாஸ் மேட்-டு-மெஷர். கோலாலம்பூரில் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். லேப்பலும் மார்பும் கான்வாஸில் நிற்கும், விலை பிஸ்போக் அளவுக்கு ஏறாது. அதே துணியில் இரண்டாவது பேன்ட்டையும் கட்டாயம் சேர்த்துத் தைத்துவிடுங்கள். 1.3 மீட்டர் கூடுதல் துணிதான். கோட்டுக்கு முன்பே பேன்ட்டின் தொடையும் இருக்கையும் தேய்ந்துபோகும், பிறகு அதே நிறத் துணி கிடைக்காது.

ஒரு தோள் தாழ்ந்தவர், முதுகு வளைந்தவர், மார்புக்கும் இடுப்புக்கும் வழக்கமான பொருத்தம் இல்லாதவர்: காசைச் சேர்த்து பிஸ்போக்குக்கே போங்கள். மூன்று ரெடிமேட் வாங்கித் திருத்தித் தோற்பதைவிட அது மலிவு. பெண்கள் கோட்டுக்கும் இதையே சொல்வோம். மார்பின் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையலான டார்ட் சரியான இடத்தில் விழாவிட்டால் எந்த ஆல்ட்டரும் உதவாது, அதனால் பெண்கள் கோட் தைத்துப் பழகிய கடையா என்று முதலில் விசாரியுங்கள்.

கல்யாண மாப்பிள்ளைக்கு: தாலி கட்ட பட்டு வேட்டி இருக்கிறது, கோட் வரவேற்புக்கு மட்டும். பளபளக்கும் ஊதா, மரூன் கோட் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள். கருநீலமோ சாம்பலோ போதுமென்றால் தைத்துக்கொள்ளுங்கள், பிறகும் போடலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் தையல்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை டிரையல், முழு கான்வாஸா அரையா, உள்தையலில் எவ்வளவு துணி விடுவார், வெட்டுவது இங்கேயா வெளியிலா. டிரையலுக்கு அன்று போடப்போகும் சட்டையோடும் சப்பாத்தோடும் போங்கள். உட்கார்ந்து, கையை நீட்டி, கைப்பேசியைக் காதில் வைத்துப் பாருங்கள். மீதிப் பணத்தைக் கடைசி டிரையல் முடிந்த பிறகே கொடுங்கள்.

மேட்-டு-மெஷருக்கு நான்கு முதல் ஆறு வாரம், பிஸ்போக்குக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நோன்பு மாதம் நெருங்கும்போது பாஜு மெலாயு, பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெருநாள் உடைகளின் வேலையில் தையல் கடைகள் நிரம்பிவிடும், புது ஆர்டரே எடுக்காத கடைகளும் உண்டு. உங்கள் நிகழ்ச்சி பெருநாளை ஒட்டி வந்தால், நோன்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே அளவு கொடுத்துவிடுங்கள்.